சிங்கப்பெருமாள் கோவில்: ஒன்பதாம் மாத நடையும் ஒரு கைத்துணையும்

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்தால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர் என்று ஊர்கள் வரிசையாக வந்துபோகும். அடுத்த நிறுத்தம் சிங்கப்பெருமாள் கோவில். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள், செங்கல்பட்டு கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள், நரசிம்மரைச் சேவிக்க வருகிறவர்கள் என்று காலை ரயிலில் எல்லாரும் இருப்பார்கள்.

பெண்கள் பெட்டியில் ஒரு நிறைமாதக்காரி ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். இடம் கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் வந்துவிடும்.

"எத்தனாவது மாசம்மா?"

"ஒன்பது."

"டாக்டர் என்ன சொல்றாங்க? நார்மலா, ஆபரேஷனா?"

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த இரண்டாவது கேள்வி இவ்வளவு சீக்கிரம் வராது. வயிற்றைப் பார்த்து பையனா, பெண்ணா என்று ஊகிப்பதில்தான் பேச்சு ஓடும். இன்று முதலில் வருவது ஆபரேஷன் பேச்சு. காரணம் இருக்கிறது. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம்; அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் மாநிலத்தின் மொத்தக் கணக்கு 34.1 சதவீதம்தான்.

இப்படிப்பட்ட காலத்தில், வலியைத் தூண்டும் டிரிப்ஸ் இல்லாமல், வலியை மரக்கச் செய்யும் எபிடியூரல் இல்லாமல், தானாக வலி எடுத்துப் பிள்ளை பெற வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்பட்டால் அவளுக்கு என்னவெல்லாம் வேண்டும்? மன தைரியம் என்று பலரும் சொல்வார்கள். சிங்கப்பெருமாள் கோவிலை ஒருமுறை சுற்றி வந்தால், தைரியத்தைத் தாண்டி மூன்று விஷயங்கள் தேவை என்பது புரியும். நடக்க ஓர் இடம், பிடித்துக்கொள்ள ஒரு கை, கிட்டத்தில் ஒரு மருத்துவமனை.

மலையைச் சுற்றினால்தான் பெருமாளைச் சுற்றியதாகும்

ஸ்டேஷனிலிருந்து கோயில் நடக்கும் தூரம்தான். பாடலாத்ரி நரசிம்மர் கோயில், பல்லவர் காலத்துக் குடைவரை. 'பாடலம்' என்றால் சிவப்பு, 'அத்ரி' என்றால் மலை. ஜாபாலி முனிவரின் தவத்துக்கு இரங்கி நரசிம்மர் காட்சி கொடுத்த இடம் என்பது தலவரலாறு. ஆரத்தி காட்டும்போது அர்ச்சகர் பெருமாளின் திருமண்ணை விலக்கிக் காட்டுவார். நெற்றியில் மூன்றாவது கண் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள்.

கருவறை குன்றுக்குள் குடையப்பட்டது. அதனால் மூலவரை மட்டும் தனியாகச் சுற்றிவர முடியாது. குன்றைச் சுற்றினால்தான் பெருமாளைச் சுற்றியதாகும். பெரிய மலை கிடையாது, சின்னக் குன்றுதான். சுற்றிவரும் வழியில் ஓர் அழிஞ்சில் மரம் இருக்கிறது. கல்யாணம் கூட வேண்டும், பிள்ளை வரம் வேண்டும் என்று வருகிறவர்கள் அந்த மரத்துக்கு மஞ்சள், குங்குமம் பூசி வேண்டிக்கொள்கிறார்கள்.

வரம் கேட்டு வந்த மரத்தடிக்கு, வயிறு தெரியத் தொடங்கியதும் நன்றி சொல்லவும் வருவார்கள். அதற்குப் பிறகு 'மாசமா இருக்கிறவ மலைக்கோயிலுக்குப் போகக் கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிடுவது உண்டு. கால் தவறிவிடக் கூடாதே என்ற அக்கறைதான் அது. ஆனால் நடக்கவே கூடாது என்று யாரும் சொன்னதில்லை. மேடு பள்ளம் இல்லாத தெருவில், வெயில் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பின்போ தினமும் நடப்பது, மருத்துவர் தடை சொல்லாத கர்ப்பிணிக்கு மிகச் சிறந்த பயிற்சி. மூச்சு நீளும், காலும் இடுப்பும் பழகும், இரவில் தூக்கம் வரும்.

ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் அந்த நடைக்கு வழியில்லை. லாரியும் பஸ்ஸும் விடும் புகையில் நின்றாலே மூச்சு முட்டும். உள்தெருக்களும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளும்தான் இந்த ஊர்க் கர்ப்பிணிகளுக்குக் கிடைத்த நடைமேடை.

பிரகலாதன் வயிற்றில் கேட்டது

நரசிம்மர் யாருக்காக வந்தார்? பிரகலாதனுக்காக. அந்தப் பிரகலாதன் தாய் கயாதுவின் வயிற்றில் இருந்தபோதே நாரதர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் என்கிறது பாகவதம். பிள்ளை வருவதற்கு முன்பே தாயிடம் நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நிஜத்தில் நடப்பது நேர்மாறு. வளைகாப்புக்கு வந்த உறவினர்கள் வளையலைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் பிரசவத்தில் பட்ட பாட்டை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்கிற பெண்ணுக்கு வயிற்றில் புளி கரையும். பயம் உடம்பை இறுக்கும், இறுகிய உடம்பில் வலி கூடும், கூடிய வலி பயத்தை இன்னும் வளர்க்கும். இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக் ரீட் 1930-களில் இந்தச் சுழலைப் பற்றித்தான் எழுதினார். பிரசவம் எப்படி நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் பயம் குறையும் என்பது அவர் வாதம். இன்றைய பிரசவ வகுப்புகள் பலவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

தயாரிப்பு என்பது மனசோடு முடிவதில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்று கணக்கு. ரத்தசோகையோடு பிரசவ அறைக்குள் போகிறவருக்கு, சாதாரண ரத்தப்போக்குகூட ஆபத்தாக மாறலாம். அதனால் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சை, முட்டை என்று ஆரம்பத்திலிருந்தே கவனம் வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஸ்கேன் எதையும் தள்ளிப்போடக் கூடாது. மருந்தில்லாமல் பெற நினைப்பவர்தான் பரிசோதனைகளில் மற்றவர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும். குழந்தையின் தலை கீழே திரும்பியிருக்கிறதா, நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் ஆசைக்கே இடம்.

சூட்டு வலியா, பிரசவ வலியா?

ஒன்பது முடிந்து பத்து தொடங்கும்போது இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். இடுப்பைப் பிடிக்கிறது என்று சொன்னதுமே பாட்டி சீரகத்தை வறுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, பனைவெல்லம் போட்டுக் கொடுப்பார். குடித்ததும் அடங்கினால் சூட்டு வலி. அடங்காமல் நெருக்கி நெருக்கி வந்தால் பிரசவ வலி.

மருத்துவமும் கிட்டத்தட்ட இதையே வேறு மாதிரி பார்க்கிறது. பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், ஓய்வெடுத்தால் விட்டுவிடும். உண்மையான வலிக்கு ஒரு தாளம் உண்டு. இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலி நீண்டுகொண்டே போகும், நடந்தாலும் படுத்தாலும் விடாது. கஷாயம் குடித்துவிட்டுக் காத்திருக்கலாம். ஆனால் பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், தலைவலியோடு கண் மங்கினால், குழந்தையின் அசைவு குறைந்தால் காத்திருக்கவே கூடாது. உடனே கிளம்ப வேண்டும்.

தேதி தாண்டிவிட்டது என்ற பதற்றமும் வேண்டாம். தாண்டினால் தாண்டட்டும் என்ற அலட்சியமும் வேண்டாம். 41 வாரம் நிறைந்தும் வலி வரவில்லை என்றால், வலியைத் தூண்டலாம் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

தாயாக வந்தவர்

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை தெரியாதவர்கள் குறைவு. பேறுகாலத்தில் தவிக்கிறாள் ரத்னாவதி. பூம்புகாரிலிருந்து வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போகிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்தபோதுதான் வந்தது யார் என்று தெரிகிறது. இன்றும் சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

இந்தக் கதையில் கடவுள் நினைத்திருந்தால் வலியே இல்லாமல் செய்திருக்கலாம். அவர் செய்தது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பெற்றவளின் கை எவ்வளவு பெரியது என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள்!

அந்தக் கையைத்தான் பெரிய மருத்துவமனைகள் நெடுங்காலம் பிரசவ அறைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தன. உள்ளே தனியாக ஒருத்தி, வெளியே பெஞ்சில் குடும்பமே. பிறகு இது மாறத் தொடங்கியது. 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம், அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு துணையை அனுமதிக்க வேண்டும் என்று வழிகாட்டியது. துணையாக வருபவர் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், தொற்று நோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை உடுத்தியிருக்க வேண்டும், பிரசவம் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும், மருத்துவர், செவிலியர் வேலையில் குறுக்கிடக் கூடாது. மறைப்பு வசதி இருக்கும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளிலும், விருப்பப்பட்ட ஒருவர் கூட இருப்பது முக்கியமான ஒன்று.

துணைக்கு இருப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்களும் உண்டு. கர்நாடகத்தின் பாவகடா பகுதியைச் சேர்ந்த மருத்துவச்சி நரசம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். பாட்டியிடம் கற்ற வித்தையைக் கொண்டு, காசு வாங்காமல் 15,000-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர் என்று பெயர் பெற்றவர். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, அந்த ஆண்டு டிசம்பரிலேயே காலமானார். ஊரார் அவரை 'சூலகித்தி' நரசம்மா என்றே அழைத்தார்கள். கன்னடத்தில் அதற்கு மருத்துவச்சி என்று பொருள். பெயரிலேயே நரசிம்மரையும் வைத்திருந்தவர் அவர்.

பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓய்வு

வலி எடுத்துவிட்டது. இனி என்ன நடக்கும்?

கருப்பை வாய் பத்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். முதல் நான்கைந்து சென்டிமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் வீட்டிலோ வார்டிலோ மெதுவாக நடக்கலாம், கஞ்சியோ இளநீரோ குடிக்கலாம், முடிந்தால் ஒரு தூக்கம்கூடப் போடலாம். ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கிறது. தலைப்பிரசவத்தில் அங்கிருந்து முழுதாக விரிவதற்குப் பெரும்பாலும் 12 மணி நேரத்தைத் தாண்டாது. அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டாது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை வைத்து அவசரப்படுத்தக் கூடாது என்று 2018 பரிந்துரை சொல்கிறது.

வலி விட்டு விட்டு வரும். இதுதான் இயற்கை வைத்த கருணை. வலி உச்சத்தில் இருக்கும்போதுகூட, பத்து நிமிடத்தில் சுமார் நான்கு முறை வரும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அப்படியானால் மீதி ஆறு நிமிடம் ஓய்வு. அடுத்த வலியை நினைத்துப் பயந்துகொண்டே இருப்பவருக்கு அந்த ஆறு நிமிடமும் வலியாகிவிடும். மூச்சை இழுத்து நிதானமாக விட்டு, தோளையும் தாடையையும் தளர்த்தப் பழகியவருக்கு அது நிஜமான ஓய்வு.

கூட இருப்பவரின் வேலை இங்கேதான். இடுப்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கலாம், வெதுவெதுப்பான துணியால் ஒற்றலாம், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம். படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், துணையின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், மண்டி போடலாம். உடம்பு எது சொல்கிறதோ அது.

கடைசிக் கட்டத்தில் உடம்பு நடுங்கும், சிலருக்கு வாந்தி வரும். "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று அதுவரை அமைதியாக இருந்தவர்களும் கத்திவிடுவது உண்டு. அனுபவமுள்ள செவிலியர்கள் பலர் அந்த வார்த்தையைக் கேட்டதும் கையுறையைத் தேடுவார்கள். முடியாது என்று தோன்றும் இடம், பல நேரங்களில் முடியப் போகிற இடம்.

பிறகு முக்கச் சொல்லும் நேரம். பிறகு அந்த அழுகை. குழந்தையைத் துடைத்துத் தாயின் நெஞ்சில் போட்டு, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பொறுத்து, அதன் பிறகே தொப்புள்கொடியை நறுக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும்.

ஒரே ஒரு ஊசியை மட்டும் மறுக்கக் கூடாது. குழந்தை வெளியே வந்ததும் தாய்க்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி. கருப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைத் தடுப்பதற்கானது அது. எல்லாப் பிரசவத்துக்கும் அது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மருந்தில்லாப் பிரசவம் என்ற ஆசை அந்த ஊசிக்கு முன்னால் நின்றுவிட வேண்டும்.

பரனூருக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1965-ல் தொடங்கிய கல்லூரி அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் செவிலியர், ஏதோ சரியில்லை என்று கண்டதும் அனுப்புகிற இடம். நடுவில் பரனூர் சுங்கச்சாவடி. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் அங்கே வண்டிகள் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, 10 கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று தெரியும். பிரசவத் தேதி பண்டிகையை ஒட்டி வந்தால் எந்த வண்டி, எந்த வழி, எப்போது கிளம்புவது என்று முன்பே பேசி வைத்துவிடுவது நல்லது. 108 எண் எந்நேரமும் உண்டு.

மருத்துவமனை கிட்டத்தில் இல்லாத காலம் எப்படி இருந்தது? இதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே போனால் திண்டிவனம். 1890-களில் அங்கே மிஷனரி குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடர் தங்கியிருந்த ஒரே இரவில், மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது மருத்துவர் இல்லை. ஆண் மருத்துவரை உள்ளே விட அந்தக் குடும்பங்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்து, வேலூர் சி.எம்.சி. உருவாகக் காரணமாக இருந்தது.

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை அவற்றில் பல. அவள் இறக்கி வைக்காத சுமைக்குப் பதிலாக, வழிப்போக்கர்கள் தங்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல்.

அந்தக் கற்கள் புதிதாக எழாமல் இருப்பதற்கு மருத்துவமனைப் பிரசவம் முக்கியமான காரணம். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 2001-03ல் 134 ஆக இருந்தது. 2018-20ல் 54 ஆகக் குறைந்தது. ஆனாலும் 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்துபோனார். மருந்தில்லாமல் பெறுவது வேறு. மருத்துவமே இல்லாமல் பெறுவது வேறு. முதலாவது ஆசை. இரண்டாவது விபரீதம்.

தயாராகப் போயும் சிசேரியன் ஆகலாம். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கலாம், நஞ்சுக்கொடி பிரியலாம், எவ்வளவு முக்கினாலும் தலை இறங்காமல் போகலாம். அந்த நேரத்தில் கத்தி காப்பாற்றுகிறது. வலி தாங்க முடியாமல் எபிடியூரல் கேட்டவரும் தோற்றவர் கிடையாது. நடந்த நடையும் பழகிய மூச்சும் எங்கேயும் வீணாவதில்லை.

திரும்பும் ரயில்

மாதங்கள் போகும். நல்ல நாள் பார்த்து, கைக்குழந்தையோடு நரசிம்மரைச் சேவிக்க வருவார்கள். ஆரத்தி வெளிச்சத்தில் மூன்றாவது கண்ணைப் பார்த்துப் பிள்ளை கண்ணைச் சிமிட்டும். பாட்டி அதன் நெற்றியில் துளசித் தீர்த்தத்தைத் தொட்டு வைப்பார்.

மாலை ரயிலில் மறுபடியும் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். மறுபடியும் கேள்வி வரும்.

"நார்மலா, சிசேரியனாம்மா?"

பதில் எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பதிலாக, "வலி எடுத்தப்ப கூட யாரு இருந்தா?" என்று கேட்டால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். தாம்பரம் வரும்வரை சொல்வதற்கு அவளிடம் ஒரு கதை இருக்கும்.